உழவுக் கூலியும் டீசலும்

வாசலில் டிராக்டர் நிற்பதால் எங்களைப் பணக்காரர் என்கிறார்கள். அது கடன் வண்டி தோழிகளே! தவணை, இன்சூரன்ஸ், டயர் என்று அப்பா ஓடிக்கொண்டே இருக்கிறார். 2021 அக்டோபரில் சென்னையில் டீசல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. நவம்பரில் மத்திய அரசு கலால் வரியை 10 ரூபாய் குறைத்தும் பழைய விலை திரும்பவில்லை.

ஆனால் உழவுக் கூலியைக் கூட்டினால் "கொள்ளை" என்கிறார்கள். அதுவும் கடன்! "அறுப்பு முடிஞ்சதும் தர்றேன்" என்பார்கள். பங்க்கில் அப்படிச் சொன்னால் டீசல் ஊத்துவாங்களா?

விவசாயிகளிடமும் காசு இல்லை, தெரியும். எங்க தாத்தாவும் விவசாயிதான். அதனால் உழுத அன்றைக்கே டீசல் காசை மட்டுமாவது கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. மிச்சத்தை அறுப்புக்கே வாங்கிக்கொள்ளலாம். போன போகத்துப் பாக்கியே இன்னும் வரவில்லை. வண்டியை விற்றுவிடலாமா என்று அம்மா கேட்கிறார்.

– 9-ஆம் வகுப்பு மாணவி