காலெடுத்த பின்னும் வீசிய காற்று

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 2011-ஆம் ஆண்டு, எஞ்சின் கழிக்கும் வெப்பக் காற்றைக் காற்றியக்கப் பயனுக்குத் திருப்புவதைப் பன்னாட்டு மோட்டார் வாகனக் கூட்டமைப்பாகிய எஃப்.ஐ.ஏ. தடுக்க முற்பட்டது. அத்தடை வலிய அணிகளின் சூழ்ச்சியிலிருந்து எளிய அணிகளைக் காத்த நடவடிக்கை என்றொரு கருத்து பந்தய ஆர்வலரிடையேயும் பொறியியல் மாணவரிடையேயும் நிலைபெற்றுவிட்டது. கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடைப்பட்ட ஊர்களில் இக்கருத்துக்குத் தனி வலிமை உண்டு. அந்த எளிய அணிகளுள் ஒன்றாகிய எச்.ஆர்.டி.யில் அவ்வாண்டு வண்டியோட்டியவர் கோவைக்காரரான நரேன் கார்த்திகேயன். நம்மவர் இருந்த பக்கமே நியாயத்தின் பக்கம் என்று எண்ணுவது மனித இயல்பு. ஆயினும் நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் இக்கருத்து ஒரு நாழிகையும் தாங்காது.

முதலில் அந்தக் காற்று செய்த வேலையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பாலக்காட்டுக் கணவாயில் வாழ்பவருக்கு அது விளங்காத செய்தியன்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே மலைத்தொடர் விட்டுக்கொடுத்த இடைவெளியில் காற்று நெருக்குண்டு விரைகிறது. கஞ்சிக்கோட்டின் காற்றாலைகள் அந்த விரைவை நம்பியே நிற்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் விளிம்பிலுள்ள இராமக்கல்மேட்டிலும் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணம், மலை காற்றுக்கு விதிக்கும் வடிவமே. பந்தயக் காரின் அடித்தளத்துக்கும் தரைக்கும் நடுவே ஓடும் காற்றும் அவ்வாறே விரைகிறது. விரையும் காற்றில் அழுத்தம் குறைகிறது. கார் தரையோடு இழுக்கப்படுகிறது. அக்காற்று பின்புறத்தில் மெல்ல விரிந்து வெளியேறுவதற்கான வாயே டிஃப்யூசர். ஆனால் சுழலும் பின்சக்கரங்கள் கலங்கிய காற்றை அவ்வாயின் ஓரங்களுக்குள் பீய்ச்சிக் கெடுக்கின்றன. எஞ்சினிலிருந்து பெருவேகத்தில் வெளியேறும் புகையைச் சக்கரத்துக்கும் டிஃப்யூசருக்கும் இடையே திரைபோல் வீசச் செய்தால் கலங்கிய காற்று உள்ளே நுழையாது. புகைக்காற்றை டிஃப்யூசரில் வீசும் உத்தி 1983-இன் ரெனோ ஆர்.ஈ.40 காரிலேயே உண்டு. ஏட்ரியன் நியூவி வடிவமைத்த ரெட்புல் கார்கள் 2010-இலும் 2011-இலும் அதை முழு வலிமைக்கு உயர்த்தின.

இந்த உத்தியில் ஒரு குறை இருந்தது. வளைவை நெருங்கும் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார், புகை அடங்குகிறது, கார் தரையைப் பற்றியிருக்க வேண்டிய அந்தக் கணத்திலேயே பிடி தளர்கிறது. எனவே எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாடு திருத்தி எழுதப்பட்டது. ஓட்டுநர் காலை எடுத்தாலும் த்ராட்டில் திறந்தே இருக்கும். வெறுங்காற்றை மட்டும் உருளைகளின் வழியே தள்ளுவது ஒரு முறை. தீப்பொறியைத் தாமதப்படுத்தி, சக்கரத்துக்கு விசை செல்லாமல் எரிபொருளை எரித்து, வெப்பக் காற்றைப் பின்னால் பாய்ச்சுவது மற்றொரு முறை. அந்நாளைய பந்தய ஒளிப்பதிவுகளில் வளைவின் நுழைவாயில்தோறும் கேட்கும் கரகரப்பொலி இதனால் எழுந்ததே.

எஃப்.ஐ.ஏ.வின் நடவடிக்கை வந்த விதத்தை இனிக் காண்க. மே மாதம் ஸ்பெயின் பந்தயத்திலேயே தடை வரும் என்று அணிகளுக்குச் சொல்லப்பட்டுப் பின்பு ஒத்திவைக்கப்பட்டது. ஜூன் 26 வலென்சியாவில், தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் இடையே எஞ்சின் நிரலை மாற்றலாகாது என்ற கட்டுப்பாடு வந்தது. ஜூலை 10 சில்வர்ஸ்டோனில், காலெடுத்த நிலையில் த்ராட்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் திறந்திருக்கலாகாது என்ற கட்டளை வந்தது. உடனே எஞ்சின் நிறுவனங்கள் முறையிட்டன. வால்வுகள் குளிர வேண்டுமானால் த்ராட்டில் கூடுதலாகத் திறந்திருக்க வேண்டும் என்றது ரெனோ. காலெடுத்த நிலையிலும் சிறிது எரிப்பு வேண்டும் என்றது மெர்சிடிஸ். பந்தய வார இறுதிக்குள்ளேயே சலுகைகள் மாறின. ரெட்புல், மெக்லாரன் அணித் தலைவர்கள் செய்தியாளர் கூட்டத்தில் வெளிப்படையாக மோதிக்கொண்டனர். இறுதியில், அடுத்த பந்தயம் முதல் வலென்சியா நிலைக்கே திரும்பலாம் என்று அணிகள் உடன்பட்டன. தடை ஒரே ஒரு பந்தயத்தோடு முடிந்தது.

எஃப்.ஐ.ஏ. சுட்டிய விதி 3.15. காற்றியக்கத்தைப் பாதிக்கும் காரின் எந்தப் பகுதியும் உறுதியாகப் பிணைக்கப்பட்டு அசையாதிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஓட்டுநர் விசை கேளாத வேளையில் எஞ்சின் காற்றைத் தள்ளுமாயின், அது காரை ஓட்டுவதற்காக அன்று, காற்றியக்கத்துக்காகவே தள்ளுகிறது என்பது எஃப்.ஐ.ஏ.வின் வாதம். வாதம் கூர்மையானதே. ஆனால் அது உண்மையானால் அச்செயல் விதிமீறல். விதிமீறலை அணிகள் கூடிப் பேசிச் செல்லுபடியாக்க இயலாது. செல்லுபடியாக்கலாம் என்றால் முதலில் மீறலே நிகழவில்லை. இரண்டில் எதை ஏற்றாலும் சில்வர்ஸ்டோன் கட்டளைக்கு நிற்க இடமில்லை. இந்த எளிய தருக்கத்தைக் கண்டும் காணாததுபோல் கடந்து, “மனம் நல்லது, நடைமுறை பிழைத்தது” என்று சமாதானம் சொல்வோர் ஏராளம். நடைமுறை பிழைத்ததற்கு வேரே அந்த மனந்தான். ஒரு செயலின் நோக்கத்தை விசாரிக்கும் விதி, நோக்கத்தைப் பற்றிக் கதை சொல்ல வல்லவருக்கே வழிவிடும். “வால்வு குளிர வேண்டும்” என்பது அத்தகைய கதை; பொய்யும் அன்று, முழு உண்மையும் அன்று. அதைச் சொல்லத் தரவும் ஆய்வகமும் பொறியாளர் படையும் வேண்டும். சொந்த எஞ்சின் அற்ற எச்.ஆர்.டி. அணிக்கு அவை ஏது?

அப்படியானால் எளிய அணிக்கு இத்தடை என்ன தந்தது? சில்வர்ஸ்டோனில் பந்தயத்தை முடித்த 19 கார்களில் கடைசி இரண்டும் எச்.ஆர்.டி. கார்கள். வென்றது ஃபெராரி. அவ்வெற்றியைத் தடையின் பலன் என்பார், ரெட்புல்லின் ஜாக்கி பழுதாகி ஃபெட்டெல் குழியகத்தில் நேரம் இழந்ததையும், தகுதிச் சுற்றில் முதலிடம் அப்போதும் ரெட்புல்லின் வெப்பரிடமே இருந்ததையும் வசதியாக மறப்பார். கோவைக்காரருக்கு நேர்ந்தது இதனினும் கசப்பானது. வலென்சியாவில் 24 கார்களும் பந்தயத்தை முடித்தன. 24-ஆவதாக வந்தவர் நரேன். அடுத்ததாகிய சில்வர்ஸ்டோனில் அவர் இருக்கையில் அமர்ந்தவர் டேனியல் ரிக்கார்டோ. ரெட்புல் வளர்த்தெடுத்த இளைஞர். தடைக்குக் குறியானதாகச் சொல்லப்படும் நிறுவனம், தடை வந்த அதே வாரத்தில், தடையால் காக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அணியில் தன் ஓட்டுநரை அமர்த்தியது. இதில் சட்டமீறல் ஏதுமில்லை. எளியோர் எங்கே தோற்கிறார்கள் என்பதை மட்டும் அது காட்டுகிறது. அக்டோபர் 30 அன்று இந்தியப் பந்தயத்துக்காக நரேன் மீண்டும் அழைக்கப்பட்டு 17-ஆம் இடம் பெற்றார்.

விதியின் தூய்மை பேசும் எஃப்.ஐ.ஏ.வுக்கு நரேனின் வாழ்விலேயே முந்தைய சான்றொன்று உண்டு. 2005 ஜூன் 19, இண்டியானாபோலிஸ். மிஷலின் டயர்கள் அந்தத் தடத்தின் சாய்வளைவைத் தாங்கா என்று தெரிந்தபின், வேகத்தைக் குறைக்க இடையில் ஒரு வளைவு அமைக்கலாம் என்று அணிகள் மன்றாடின. விதியை இடையில் மாற்றுவது மற்றவர்க்கு அநீதி என்று எஃப்.ஐ.ஏ. மறுத்தது. 14 கார்கள் பந்தயத்திலிருந்து விலகின. எஞ்சிய ஆறில் ஜோர்டன் காரோட்டிய நரேன் நான்காவதாக வந்து, தம் ஃபார்முலா ஒன் வாழ்வின் ஒரே புள்ளிகளான ஐந்தைப் பெற்றார். உயிருக்கு ஆபத்து என்றபோது அசையாத விதி, ஆறாண்டு கழித்து ஒரு பருவத்தின் நடுவில் வாரந்தோறும் அசைந்தது.

நோக்கத்தை விசாரிக்கும் விதி தோற்றதற்கு இதனினும் பழைய சான்று பிராபம் பி.டி.46பி. 1978-இல் ஸ்வீடனில் நிக்கி லாடா ஓட்டி வென்ற அந்தக் காரின் பின்புறத்தில் பெரிய விசிறி இருந்தது. எஞ்சினைக் குளிர்விப்பதற்கே விசிறி என்றனர் பிராபம் அணியினர். அது காரின் அடியிலிருந்த காற்றை உறிஞ்சியதை எல்லோரும் அறிவர். வெற்றி நிலைத்தது; கார் மறுபடி பந்தயத்துக்கு வரவில்லை. “குளிர்விக்க” என்ற அதே சொல் 33 ஆண்டுகளுக்குப் பின் சில்வர்ஸ்டோனில் வால்வுகளுக்காக ஒலித்தது.

2012-இல் எஃப்.ஐ.ஏ. ஒருவாறு பாடம் கற்றது. புகைக்குழாயின் வாய் பின்சக்கர மையத்துக்கு 500 முதல் 1200 மில்லிமீட்டர் முன்னாலும், அடித்தள அளவுகோட்டுக்கு 250 முதல் 600 மில்லிமீட்டர் உயரத்திலும் அமைய வேண்டும். 10 முதல் 30 பாகை வரை மேல்நோக்கியிருக்க வேண்டும். அளவுகோல் கையிலிருக்கும் எவரும் சரிபார்க்கத்தக்க விதி இது. அதன் பிறகும் பொறியாளர்கள் காரின் மேற்பரப்பு வளைவோடு புகையை ஒட்டியோடச் செய்து மீண்டும் டிஃப்யூசருக்குக் கொணர்ந்தனரே, அளவும் தோற்றதன்றோ என்று வினவுவார் உண்டு. தோற்கவில்லை. எல்லோரும் காணத்தக்க எல்லைக்குள் எல்லோரும் முயன்றனர், முந்தியவர் முந்தினர். அது போட்டி. குழப்பம் மீண்டது நோக்கம் மீண்ட இடத்தில்தான். 2012 ஜூலையில் ஹாக்கன்ஹைமில் ரெட்புல்லின் எஞ்சின் நிரல் காற்றியக்கத்துக்காகத் திரிக்கப்பட்டதென்று தொழில்நுட்ப அலுவலர் புகார் அளித்தார். அணியின் வாதங்கள் அனைத்தையும் ஏற்கவில்லை என்று கூறிய நடுவர்கள், விதி எழுதப்பட்டுள்ள படி மீறல் இல்லை என்றும் தீர்த்தனர். நம்பாதவரையும் விடுவிக்க வைத்த விதி!

இவையெல்லாம் சீமைக்காரர் பிணக்கு என்று பாலக்காட்டிலோ பைனாவிலோ பொறியியல் பயிலும் மாணவர் ஒதுக்கிவிட முடியாது. கணவாயின் கிழக்கு வாயிலில், செட்டிப்பாளையத்துக் காரி மோட்டார் ஸ்பீட்வேயில், மாணவர் தாமே வடித்த கார்களை ஓட்டும் ஃபார்முலா பாரத் போட்டி நடக்கிறது. எளியோர்க்கும் பந்தயம் எட்ட வேண்டுமென்று மாருதி எஞ்சினைக் கொண்டு மலிவான பந்தயக் கார்கள் செய்த கரிவர்தனின் பெயரைத் தாங்கிய தடம் அது. மாணவர் போட்டிகளுக்கு முன்மாதிரியான ஃபார்முலா எஸ்.ஏ.ஈ. விதிநூலில் இரு வகை விதியும் அருகருகே வாழ்கின்றன. புகைக்குழாயின் ஒலிக்கு டெசிபெல் எண் உண்டு. ஒலிமானியை அரை மீட்டர் தொலைவில் 45 பாகையில் வைக்க வேண்டும் என்ற முறையும் உண்டு. இதில் தோற்ற மாணவர் குழாயைத் திருத்திக்கொண்டு திரும்பி வரலாம். ஆனால் காரின் அடியிலுள்ள காற்றை விசை கொண்டு அகற்றலாகாது, “குளிர்விப்பதற்கென்றே வடிக்கப்பட்ட” விசிறி நீங்கலாக, என்று மற்றொரு விதி. அந்த விசிறி எதற்கென்றே வடிக்கப்பட்டது என்பதை மாணவர் எந்த மானியால் மெய்ப்பிப்பார்? ஆங்கிலத்தில் நயமாக வாதிடக் கற்ற கல்லூரிக்கே அங்கு வழி திறக்கும். கொழிஞ்சாம்பாறையிலும் மறையூரிலும் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்த மாணவருக்கு லேத்து வேலை தெரியும், வாதம் தெரியாது.

பொதுச் சாலையிலும் இதே நோய், வேறு உருவில். போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் பட்டறைகளில் பலமுறை மறுபிறவி எடுத்தவை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு மாறான மாற்றத்தைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் தண்டம் விதிக்கலாம். எஃப்.ஐ.ஏ. நோக்கத்தைக் கேட்டது, இச்சட்டம் பிறப்பிடத்தைக் கேட்கிறது. மாற்றிய வண்டி எவ்வளவு இரைகிறது, எவ்வளவு புகைகிறது, சரிவில் நிற்குமா என்று அளப்பது இரண்டிலும் முதல் கேள்வியன்று. மலைச்சாலையில் ஆட்களை அடைத்துச் செல்லும் பாதுகாப்பற்ற ஜீப்புக்கு இது வக்காலத்து அன்று; அத்தகைய ஜீப்பை நிறுத்த வேண்டிய காரணம் அதன் பிரேக்கில் இருக்கிறது என்பதே வாதம். சைலன்சரைப் பற்றிய 1989-ஆம் ஆண்டு மத்திய விதி 120 ஒலிக்குத் தரநிலை சுட்டுகிறது. உடன் “இயன்ற அளவு” ஒலியைக் குறைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஒலிமானி இல்லாத சோதனையில் அந்த இயன்ற அளவை முடிவுசெய்வது அலுவலரின் காது.

2011-இன் கட்டளைகள் அணிகளுக்கு அனுப்பப்பட்ட சுற்றறிக்கைகள். பொதுமக்கள் படிக்க வெளியிடப்பட்டவை அல்ல. அவற்றை நியாயம் என்று கற்பிக்க விரும்பும் ஆசிரியர், ஃபார்முலா எஸ்.ஏ.ஈ. விதிநூலின் அந்த விசிறி விதியை முதலில் கரும்பலகையில் எழுதட்டும். அதில் “குளிர்விப்பதற்கென்றே” என்ற சொல்லை நீக்கி, அவ்விடத்தில் ஓர் எண்ணையும் அளவிடும் முறையையும் எழுதுமாறு மாணவரிடம் கேட்கட்டும்.