முகத்துக் கட்டியைப் பிதுக்கவும் வேண்டாம், வைத்தியத்தைப் பிந்தவும் வேண்டாம்



முகத்தில் ஒரு கட்டி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் கண்ணாடி முன் நின்று பிதுக்குகிறோம். பிறகு மஞ்சள் பூசுகிறோம், பற்பசை வைக்கிறோம். அடங்காவிட்டால் பாமசியில் இரண்டு நாளைக்கு அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்குகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போவது கடைசியில்தான். கேட்டால், "கீறினால் முகம் பழுதாகிவிடும்" என்கிறோம். ஆனால் முகத்தைப் பழுதாக்குவது இந்தத் தாமதம்தான்.

சீழ் கட்டிய குழிக்குள் இரத்த ஓட்டம் இல்லை. அதனால் விழுங்கும் மருந்து அதற்குள் போதியளவு போய்ச் சேராது. சீழை வைத்தியர் வெளியே எடுப்பதே முதல் வைத்தியம். மூக்கையும் மேலுதட்டையும் சுற்றிய பகுதியில் இன்னும் கவனம் வேண்டும். அங்குள்ள நாளங்கள் கண்ணுக்குப் பின்னால், மூளையோரமாக உள்ள நாளங்களோடு தொடர்புள்ளவை. கிருமி அங்கே போய் இரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. இது அபூர்வம்தான், ஆனால் வந்தால் கடுமையானது. சீனி வருத்தம் உள்ளவர்கள் ஒரு நாளும் பிந்தக் கூடாது.

நேரத்தோடு போனால் பெரும்பாலும் ஒரு சிறு கீறலோடு காரியம் முடியும். பிந்தினால் தோலும் சதையும் அழுகி, சுத்தம் செய்தபின் குழிப்புண் மிஞ்சலாம். அப்படியான சில புண்களுக்கு உறிஞ்சும் மெஷின் கட்டுப் போடுவார்கள். புண்ணுக்குள் ஸ்பொஞ் வைத்து, மேலே காற்றுப் புகாத மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டி, குழாயால் மெஷினோடு இணைப்பார்கள். வழமையாக 125 மில்லிமீற்றர் பாதரச அளவில் உறிஞ்சும். மென்மையான இடங்களில் அதைக் குறைப்பார்கள். ஊறும் நீர் வெளியேறி, வீக்கம் வற்றி, புதுச்சதை வளரும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கட்டு மாற்றினால் போதும். அமெரிக்க ஆய்வாளர்களான அர்ஜென்டாவும் மொரிக்வாஸும் 1997இல் இந்த முறையைப் பற்றி எழுதினார்கள். நேற்று வந்த பரீட்சார்த்தம் அல்ல இது.

எல்லாப் புண்ணுக்கும் இது பொருந்தாது. சீழையும் அழுகிய சதையையும் அகற்றிய பிறகே வைக்கலாம். புற்றுநோய்ப் புண்ணில் வைக்கக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கண், மூக்கு, வாய் அருகே காற்றுப் புகாமல் ஒட்டுவதும் சிரமம். வேண்டுமா, வேண்டாமா என்று வைத்தியர் தீர்மானிக்கட்டும், பக்கத்து வீட்டார் அல்ல.

நாம் தயங்கும் காரணங்களும் தெரிந்தவைதான். தாடியை மழிக்கச் சொல்வார்களே, வுழூ எப்படிச் செய்வது, குமர்ப்பிள்ளையின் முகத்தில் மெஷினா? தாடி திரும்ப முளைக்கும். கட்டின் மேல் மஸ்ஹு செய்ய மார்க்கம் இடம் தந்திருக்கிறது, விபரத்தை உலமாக்களிடம் கேட்போம். பிள்ளையின் தழும்புக்குப் பயந்தால் இன்னும் நேரத்தோடு கூட்டிப் போவோம். மருத்துவம் செய்யச் சொன்ன நபியின் உம்மத் நாம்.

காய்ச்சல், கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மாற்றம், கடும் தலைவலி, வாய் திறக்கக் கஷ்டம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவோம். அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். முகமும் உயிரும் அல்லாஹ் தந்த அமானிதம்.

உங்கள் குடும்பத்தாருக்கும் இதை எத்திவையுங்கள்.