குளிரில் எரிவது யாருடைய கொழுப்பு?

மார்கழி பிறந்துவிட்டால் ரவீந்திர சரோவரின் கரையில் ஓர் அறிவுரையும் பிறந்துவிடுகிறது: குளிரில் நடந்தால் கொழுப்பு விரைவாக எரியும். லேக் கார்டன்ஸ் அடுக்ககங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி, லேக் மார்க்கெட் தமிழ்க் குடும்பங்களின் காலைக் காப்பி வரை அது வந்து சேர்கிறது. அறிவியலின் பெயரால் சொல்லப்படுவதால் அதை அறிவியலைக் கொண்டே சோதிப்பது நியாயம்.

முதற்குழப்பம் சொல்லில் இருக்கிறது. ஆங்கிலம் ‘எரிகிறது’ என்கிறது. தமிழ் நாளிதழ்கள் ‘கரைகிறது’ என்கின்றன. இரண்டுமே உடலிலிருந்து ஏதோ ஒன்று காணாமற்போவதாக எண்ண வைக்கின்றன. ஆய்வகம் அளப்பதோ வேறு. மூச்சில் வெளியேறும் கரியமில வாயுவுக்கும் உடல் எடுத்துக்கொண்ட ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதத்திலிருந்து, அந்த நேரத்தில் உடல் மாவுச்சத்தை எவ்வளவு, கொழுப்பை எவ்வளவு எரிபொருளாகக் கொண்டது என்று கணக்கிடுகிறார்கள். பயிற்சியின்போது கொழுப்பு மிகுதியாகச் செலவானால், மீதிப் பொழுதில் மாவுச்சத்து மிகுதியாகச் செலவாகலாம். இடுப்பின் சுற்றளவைத் தீர்மானிப்பது நாட்கணக்கில் நீளும் வரவு செலவு. நாற்பது நிமிட விகிதம் அன்று.

அறிவுரைக்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது கனடாவின் லாரன்சியன் பல்கலைக்கழகத்தினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு. பூச்சியம் டிகிரியில் கடும் இடைவெளிப் பயிற்சி செய்தபோது கொழுப்பின் பயன்பாடு, 21 டிகிரியில் இருந்ததைவிட 358 விழுக்காடு உயர்ந்தது. தலைப்புச் செய்திக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் பங்கேற்றவர்கள் 11 பேர். அத்தகைய கடும் பயிற்சியில் உடல் பெரும்பாலும் மாவுச்சத்தையே நம்புகிறது. கொழுப்பின் பங்கு முன்பே மிகச் சிறிது. ஒரு கிராம் நாலரை கிராம் ஆனதென்று வைத்துக்கொண்டாலும், அது ஒரு தேக்கரண்டி எண்ணெய். ஒரே ஒரு லுச்சி திருப்பிக் கொடுத்துவிடும். மறுநாள் காலை கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் அளந்தபோது குளிரின் அனுகூலம் நீடிக்கவும் இல்லை. இந்த இரண்டாம் பாதி வாட்ஸ்அப்பில் வருவதில்லை.

அங்கே பூச்சியம் டிகிரி. கொல்கத்தாவின் சனவரி விடியலோ ஏறத்தாழ 14 டிகிரி. அதிலும் கம்பளிச் சட்டையும் குரங்குக் குல்லாயும் அணிந்து நடப்பவரின் தோல் குளிரை எங்கே அறிகிறது? குளிர் வேலை செய்யவேண்டுமெனில் அது முதலில் உடலைத் தொடவேண்டும்.

இனி, யாருடைய உடல் என்ற கேள்வி. ஒரே ஒப்பீட்டுத் தீவிரத்தில் நெடுநேரம் ஓடும்போது பெண்கள் ஆண்களைவிடக் கொழுப்பை மிகுதியாகவும் தசையின் கிளைக்கோஜனைக் குறைவாகவும் பயன்படுத்துவதை டார்னோபோல்ஸ்கி குழுவினர் 1990இலேயே காட்டினர். வெப்பத்தை உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பு வளர்ந்தவர்களிடமும் உண்டென்று 2009இல் நிறுவிய கட்டுரைகளுள் ஒன்று, 1972 நோயாளிகளின் பட ஆவணங்களைப் பார்த்து, பெண்களில் 7.5 விழுக்காட்டினரிடமும் ஆண்களில் 3.1 விழுக்காட்டினரிடமும் அதைக் கண்டது. தோலடிக் கொழுப்பின் அளவு, தசையின் அளவு, மாதச் சுழற்சியில் ஏறி இறங்கும் உடல்வெப்பம் ஆகியவற்றால் குளிர் பெண்ணுடலைச் சந்திக்கும் விதமே வேறாகலாம். இவையே பெண்களைத் தனியாக ஆராய்வதற்கான காரணங்கள். உடற்பயிற்சி அறிவியலோ நெடுங்காலம் இவற்றையே பெண்களை விலக்குவதற்கான காரணங்களாக்கியது: சுழற்சி ‘முடிவுகளைக் குழப்பும்’, ஆகவே ஆண்களை மட்டும் சேர்ப்போம் என்று. மனித குலத்தில் பாதியை இரைச்சலென்று ஒதுக்கிவிட்டு, வந்த விடைக்கு ‘மனித உடல்’ என்று பெயரிடுவது முறையியல் ஆகாது, சோம்பல்.

தெற்காசியர் நிலை இன்னும் மோசம். தெற்காசிய வழியினரின் பழுப்புக் கொழுப்பை ஐரோப்பிய வழியினரோடு ஒப்பிட்ட முக்கிய ஆய்வு 2014இல் நெதர்லாந்திலிருந்து வந்தது. தெற்காசியரிடம் அதன் கொள்ளளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பக்கத்துக்குப் பன்னிருவர், இருபுறமும் 18 முதல் 28 வயது வரையிலான ஒல்லியான ஆண்கள். லேக் கார்டன்ஸில் விடியலில் நடக்கும் ஐம்பது வயதுப் பெண், இந்த ஆய்வுகளுள் எதில் இருக்கிறார்?

‘போகட்டும், நடக்கத்தானே சொல்கிறோம், அதனால் என்ன கெடுதி’ என்பார்கள். நடப்பதற்கு யாரும் எதிரியல்லர். ஆனால் கொல்கத்தாவின் பனிக்கால விடியலில் குளிர்ந்த காற்று தரையை ஒட்டித் தேங்கி, புகையையும் நுண்துகளையும் மேலெழ விடாமல் அடைத்து வைக்கிறது. வெயில் ஏறியபின் நடப்பவர் பெரும்பாலும் தூய்மையான காற்றைப் பெறுகிறார். கொழுப்பின் பெயரால் ஆஸ்துமாக்காரர் ஒருவரை ஐந்தரை மணிக்கு எழுப்பி அனுப்புவது கெடுதிதான்.

இன்னொரு கெடுதி நுட்பமானது. இரண்டு குளிர்காலம் நடந்தும் எடை குறையாத பெண்ணிடம் அறிவுரை பொய்த்ததென்று எவரும் சொல்வதில்லை. அவள் ஒழுங்காக நடக்கவில்லை என்கிறார்கள். திமிருக்கும் உடற்சதைக்கும் ‘கொழுப்பு’ என்று ஒரே பெயர் வைத்திருக்கும் மொழியில் அந்தப் பழி எளிதாக ஒட்டிக்கொள்கிறது. அறிவுரை சொல்பவர்கள் அடுத்த மார்கழிக்குள் ஒன்று செய்யலாம்: தாங்கள் பகிரும் ஆய்வில் பெண்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பார்க்கலாம்.