வண்டலூரில் பிறந்த மான்



‘பிளஷர்’ என்னும் சொல்லை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ‘பிளஷர் வந்து நிற்கிறது, சீக்கிரம் புறப்படுங்கள்’ என்பார்கள். வாடகைக்கு அமர்த்தியதாயினும், தெரிந்தவரிடம் இரவல் வாங்கியதாயினும் காருக்கு அதுதான் பெயர். லாரியும் பேருந்தும் பிழைப்புக்கானவை. கார் ஒன்றே இன்பத்துக்கானது என்று அன்றைய மக்கள் எண்ணினார்கள் போலும்! வாசலில் காரை நிறுத்தி வைத்துக்கொண்டு மாதந்தோறும் அதற்குத் தவணை கட்டுகிற இன்றைய தலைமுறைக்கு அச்சொல்லின் பொருள் விளங்குமா என்பது ஐயமே.

நாற்பதைக் கடந்தவர்கள் நான்கு பேர் கூடினால், அது நிக்காஹ் வீட்டுப் பந்தலாக இருக்கட்டும், மருத்துவமனைத் தாழ்வாரமாக இருக்கட்டும், பேச்சு எப்படியோ பழைய கார்களிடம் வந்து சேர்ந்துவிடுகிறது. அம்பாசிடரில் பதினோரு பேர் பயணம் செய்த கதையை ஒருவர் சொல்வார். பியட்டில் கியர் மாற்றப் பழகிய நாளை மற்றொருவர் நினைவுகூர்வார். தம் தந்தையார் வாங்கிய முதல் மாருதியின் நிறத்தைச் சொல்லும்போது மூன்றாமவரின் குரல் தழுதழுக்கும். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்தப் பேச்சுகளில் ஒரு கார் மட்டும் அநேகமாக விடுபட்டுப் போவதை நான் கவனித்திருக்கிறேன். அது கல்கத்தாவிலோ பம்பாயிலோ பிறந்ததன்று. நம் சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூரில் பிறந்தது.

சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். விடுதலைக்குப் பின் பல பத்தாண்டுகள் நம் நாட்டில் கார் செய்வதற்கு அரசின் உரிமம் வேண்டும். எத்தனை செய்யலாம் என்பதற்கும் அனுமதி வேண்டும். ஆகவே சாலையில் ஓடியவை பெரும்பாலும் மூன்றே நிறுவனங்களின் கார்கள். கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1958 முதல் அம்பாசிடரைச் செய்தது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் பியட் 1100-ஐச் செய்தது. அதற்கு 1974-இல் ‘பத்மினி’ என்று பெயர் மாற்றினாலும் நம்மவர்கள் கடைசிவரை பியட் என்றே அழைத்தார்கள். மூன்றாவது, சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. மூன்றே சட்டைகள் தொங்கும் கடையில் நின்றுகொண்டு, எனக்கு இந்தச் சட்டைதான் உயிர் என்று சொன்னால் எப்படி இருக்கும்? நம் பழைய காதலில் பாதி அப்படிப்பட்டதுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மற்றொரு பாதி மெய்யானது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வான்கார்டு, டென், பென்னன்ட் என்று சில கார்களைத் தந்த பின், 1961-இல் வண்டலூர் ஆலை ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற காரை வெளியிட்டது. பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் அது. அதற்கு வடிவம் தந்தவர் இத்தாலியரான ஜொவானி மிக்கெலோட்டி. 948 சி.சி. கொண்ட சிறிய எஞ்சின். அம்பாசிடரின் உருண்டை உடம்புக்கு அருகே அது நின்றால், பெரிய தாதாவின் பக்கத்தில் சிறு பேரன் நிற்பது போலிருக்கும். ஆனால் அது திரும்புகிற அழகு இருக்கிறதே! 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். லண்டன் டாக்சிகளுக்குரிய திறமை அது. கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளிலும், தியாகராய நகரின் ஒடுங்கிய தெருக்களிலும் வண்டி ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

எங்கள் வீடு மயிலாப்பூர் கச்சேரி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்தது. சந்து முழுமைக்கும் ஒரே கார். பழைய, வெளிர்நீல ஹெரால்டு. உரிமையாளர் ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர். நள்ளிரவில் வலி கண்ட பெண்ணைக் கோஷா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றது அந்தக் கார். என் ராத்தாவின் நிக்காஹுக்கு மாப்பிள்ளை வந்து இறங்கியதும் அந்தக் காரில்தான். சாவி கேட்கப் போகும்போது வாப்பா சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டு போவார்கள். ‘வண்டி சும்மாத்தானே நிற்கிறது, எடுத்துக்கொண்டு போங்கோ’ என்பார் அவர். பெட்ரோல் நிரப்பித் திருப்பிக் கொடுப்பது எழுதப்படாத சட்டம். அந்த வண்டிக்கு இரண்டே கதவுகள். முன்னிருக்கையைச் சாய்த்துவிட்டு, துப்பட்டி கதவில் சிக்கிக்கொள்ளாமல் உம்மாவும் மாமிமாரும் ஒவ்வொருவராகப் பின்னால் ஏறி அமர்வதற்குள் தெருவே வேடிக்கை பார்த்து முடித்திருக்கும். இந்தச் சிரமத்தைக் கண்டோ என்னவோ, 1960-களின் இறுதியில் வண்டலூரார் நான்கு கதவு ஹெரால்டு ஒன்றைச் செய்தார்கள். தாய்நாடாகிய பிரிட்டனில்கூட அப்படியொரு ஹெரால்டு விற்பனைக்கு வந்ததில்லை. நம் குடும்பங்களுக்கென்று நம் ஊரில் நிகழ்ந்த மாற்றம் அது.

அந்தக் காரின் முன்பகுதி முழுவதும், இருபுறத்து மட்கார்டுகளோடு சேர்த்து, ஒரே மூடியாக முன்னோக்கித் திறந்துகொள்ளும். மெக்கானிக் சக்கரத்தின்மீதே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். அடையாற்றிலும் தியாகராய நகரிலும் தூங்குமூஞ்சி மரத்தடிகளே பணிமனைகளாக இருந்த காலம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட சிறுவன், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே ஐந்தாண்டுகளில் தொழில் கற்றுவிடுவான். கூவம் கரையிலுள்ள புதுப்பேட்டையில் கிடைக்காத உதிரிபாகம் இல்லை. கிடைக்காவிட்டால் லேத்துப் பட்டறையில் கடைந்து கொள்வார்கள். இன்றைய வண்டி நோய் கண்டால் கணினியைக் கொண்டுவந்து இணைத்தால்தான் அது வாய் திறந்து சொல்கிறது. வண்டி மேம்பட்டிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மரத்தடிச் சிறுவன் அமர்வதற்கு அதில் இடமில்லை.

1972-இல் ஹெரால்டின் தொடர்ச்சியாக வந்ததுதான் ‘கெஸல்’. ஹெரால்டின் பின் அச்சு இருபுறமும் தனித்தனியே மேலும் கீழும் அசையும். நம்மவர்கள் ஏற்றுகிற சுமைக்கு அது ஒத்துவரவில்லை. மெக்கானிக்குகளும் அதை விரும்பவில்லை. கெஸலுக்கு ஒரே உறுதியான அச்சைப் பொருத்தினார்கள். இந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அரபுப் பாடம் நடத்துகிற எனக்கு ஒரு மகிழ்ச்சி. கெஸல் என்றால் மான். ‘கஸால்’ என்ற அரபுச் சொல்தான் ஐரோப்பிய மொழிகளுக்குப் போய் அப்படி ஆயிற்று. நம் வீடுகளில் கஸாலா என்று பெண்பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறோமே, அதே மான்! பாலைவனத்திலிருந்து புறப்பட்டு, ஐரோப்பா போய், ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மான் நெடுந்தூரம் ஓடவில்லை. 1973-இல் எண்ணெய் விலை ஏறியபோது கார் வாங்குவோர் குறைந்தனர். 1977-இல் கெஸல் நின்றது. 1985-இல் நிறுவனம் கடைசியாக ஒரு முயற்சி செய்தது. பிரிட்டனின் ரோவர் காரின் பெரிய, அழகிய உடலை எடுத்து, அதனுள் பழைய வான்கார்டு வழிவந்த 2 லிட்டர் எஞ்சினைப் பொருத்தி ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று விற்றது. இளைஞனின் ஷெர்வானிக்குள் முதியவரை நிறுத்தியது போலாயிற்று. விலையோ அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். அதற்குள் 1983 டிசம்பரில் வந்துவிட்டிருந்த மாருதி 800, ஏறத்தாழ 50,000 ரூபாய்க்குக் கிடைத்தது. குறைந்த பெட்ரோலில் ஓடியது. 1988-இல் வண்டலூர் ஆலை மூடப்பட்டது. (ஸ்டாண்டர்டு 2000 வெளிவந்த அதே 1985-இல்தான் வண்டலூரில் உயிரியல் பூங்காவும் திறக்கப்பட்டது. இன்று வண்டலூர் மான் என்றால் குழந்தைகளுக்கு அந்த மான்கள் மட்டுமே நினைவுக்கு வரும்.)

பழைய கார்களைப் புகழ்கிறவன் அவற்றின் குறையையும் சொல்ல வேண்டும். சிறுவயதில் நாம் ஆசையோடு முகர்ந்த பெட்ரோல் புகையில் ஈயம் கலந்திருந்தது. குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு அது. 1995 ஏப்ரலில்தான் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் கட்டாயமான புதிய கார்கள் வந்தன. பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு, இடுப்புப் பட்டை இல்லாமல் முன்னிருக்கையில் போனோம். அந்த நாட்களை அப்படியே திருப்பித் தருகிறேன் என்று யாரேனும் சொன்னால், என் பேரப் பிள்ளைகளின் பொருட்டு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நான் வருந்துவது வேறொன்றுக்காக. 1993-இல் கார்த் தொழிலுக்கு உரிமக் கட்டுப்பாடு நீங்கியது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ வந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு வந்தது. சென்னையை இந்தியாவின் டெட்ராய்ட் என்று பெருமையோடு அழைக்கிறோம். ஆனால் அதற்கு முன்பே இங்கு ஒரு கார் பிறந்தது என்பதையும், அதைச் செய்த கைகள் வேலை இழந்து வீடு திரும்பின என்பதையும் எத்தனை பேர் பேசுகிறோம்? அதே சாலையில், 2022-இல், மறைமலை நகர் ஃபோர்டு ஆலையிலிருந்து கடைசிக் கார் வெளியேறியபோது, நியாயமான இழப்பீடு கேட்டுத் தொழிலாளர்கள் போராடினார்கள். நாமோ அந்நிறுவனக் கார்களுக்கு இனி உதிரிபாகம் கிடைக்குமா என்று கவலைப்பட்டோம்.

செங்கல்பட்டுப் பக்கம் மின்சார ரயிலில் போகும்போதெல்லாம் வண்டலூரில் எனக்கு இந்த நினைவு வருகிறது. வாசகர்களே, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் வட்டாரத்தில் அந்த ஆலையில் பணியாற்றிய பெரியவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். வயது எழுபதைக் கடந்திருக்கும். உங்கள் உறவிலோ, மஹல்லாவிலோ அப்படி ஒருவர் இருந்தால் அவர் அருகே சென்று அமருங்கள். எந்தப் பிரிவில் வேலை பார்த்தார், முதல் சம்பளம் எவ்வளவு, 1988-க்குப் பின் குடும்பத்தை எப்படிக் கரையேற்றினார் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். தாம் செய்த காரில் ஒரு தடவையாவது அவர் குடும்பத்தோடு ஏறிப் போனாரா என்பதையும் மறவாமல் கேளுங்கள்.