கதிர்வீச்சுக் காப்பு: மக்களுக்குத் தெரிய வேண்டும்

மலாயாவில் 1952இல் பொதுத் தற்காப்புப் பணி தொடங்கியபோது, உலகம் அணுகுண்டுக்கு அஞ்சியிருந்தது. நமக்குக் கதிர்வீச்சுக் கவலையைத் தந்ததோ ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982இல் இயங்கத் தொடங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலை. அது வெள்ளீயச் சுரங்க மணலில் கிடைக்கும் மோனசைட் கனிமத்திலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தெடுத்தது. கதிரியக்கத் தோரியம் கழிவாகக் குவிந்தது. அணுசக்தி உரிமச் சட்டம் 1984இல்தான் வந்தது.

ஆலையை நிறுத்தக் கோரி மக்கள் 1985இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தை நாடினர். எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையிலான பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தோள்கொடுத்தது. 1992இல் கிடைத்த வெற்றி மேல்முறையீட்டில் பறிபோனது. ஆனாலும் எதிர்ப்பு ஓயவில்லை; 1994இல் ஆலை மூடப்பட்டது.

தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். குவாந்தான் அருகே கெபேங்கில் இயங்கும் லைனஸ் அருமண் ஆலையின் கழிவிலும் அதே தோரியம் உண்டு. எனவே இத்தகைய ஆலைகளின் கதிர்வீச்சு அளவீடுகளை மலாய், சீனம், தமிழ் மொழிகளில் அரசு தவறாமல் வெளியிட வேண்டும். சுற்றுவட்டார மக்களுக்கு அவசரகாலப் பயிற்சி அளிக்க வேண்டும். கழிவை எங்கே வைப்பது என்று முடிவாகும் முன்பே அவர்களைக் கலந்துபேச வேண்டும். உரிமம் அதற்குப் பிறகே வழங்கப்பட வேண்டும்.