தையல் மெஷினில் துருக்குழிகள்

சகோதரிகளே, பல வருஷம் மூடிவைத்த தையல் மெஷினைத் திறந்தால், துணியைத் தள்ளும் பல்லிலும் ஊசித்தட்டிலும் துரு அரித்திருக்கும். சட்டி தேய்க்கும் கம்பியால் உரசினால் மேலே பளபளக்கும். குழிக்குள் துரு அப்படியே நிற்கும்.

அவற்றைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்காரத்தால் போக்கி, வினாகிரியில் மூழ்க விடுங்கள். மணிக்கொரு தடவை எடுத்து, பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் குழிகளைத் தேயுங்கள். மறந்துபோய் இரவெல்லாம் விட்டால் நல்ல இரும்பையும் மேல்பூச்சையும் தின்றுவிடும். (பிளீச் கலக்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும்.) பிறகு அப்பச்சோடாத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்துக் காயவைத்து மெஷின் எண்ணெய் பூசுங்கள். ஈரம் நின்றால் அன்றே துரு ஏறும்.

குழிகள் மறையாது, பரவாயில்லை. நூல் உரசும் ஊசித்துளை ஓரத்தில் குழி இருந்தால்தான் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அந்தத் தட்டை மட்டும் மாற்றுங்கள். அதற்காக உம்மாவின் மெஷினைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.