கடன் சொல்லும் கதை

'அதெல்லாம் குழந்தைகள் பார்க்கிற படம். அதைப் பற்றி ஓர் எழுத்தாளன் மெனக்கெட்டு எழுதலாமா?' என்று கேட்பவர்கள் ஒரு சாரார். 'இது பெரியதொரு தொடரின் நடுவிலே வருகிற படம். பின்னால் வந்த படங்களையும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்' என்பவர்கள் இன்னொரு சாரார். இரு சாராரும் செய்வது ஒரே காரியந்தான். ஒரு கதையைக் கதையாக வைத்து விசாரிக்க வேண்டிய பொறுப்பிலிருந்து நழுவுகிறார்கள். முதல் சாரார் அலட்சியத்தால் நழுவுகிறார்கள். இரண்டாம் சாரார் பக்தியால் நழுவுகிறார்கள்.

நான் பேச வந்தது, 2015-ல் வெளிவந்த 'அவெஞ்சர்ஸ்: ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' என்ற ஹாலிவுட் படத்தைப் பற்றி. 2012-ல் வந்து உலகமெங்கும் வசூலை வாரிக் குவித்த 'தி அவெஞ்சர்ஸ்' படத்தின் அடுத்த பாகம் இது. இரண்டையும் இயக்கியவர் ஜாஸ் வீடன். அபூர்வ சக்தி படைத்த வீரர்கள் ஒன்றுகூடி உலகத்தைக் காப்பாற்றுவதுதான் இரண்டிலும் கதை.

ஆனால் முதல் படம் தொடாத ஒரு விஷயத்தை இரண்டாவது படம் தொட்டது. டோனி ஸ்டார்க் என்ற கோடீஸ்வர விஞ்ஞானிக்கு ஒரு மாயக் காட்சி தோன்றுகிறது. தோழர்கள் எல்லாரும் மடிந்து கிடக்கிறார்கள். நீ காப்பாற்றியிருக்கலாமே என்று அவர்களில் ஒருவன் குற்றம் சாட்டுகிறான். பயந்துபோன ஸ்டார்க், உலகத்துக்கே காவல் நிற்க ஓர் இயந்திர மூளையைச் சிருஷ்டிக்க முனைகிறான். பானர் என்ற ஒரு நண்பனைத் தவிர வேறு யாரிடமும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிகிறது! கண் விழித்த அந்த மூளை, உலகத்துக்கு ஆபத்தே மனிதர்கள்தாம் என்று முடிவு கட்டிவிடுகிறது. அதன் பெயர்தான் அல்ட்ரான்.

காப்பாற்ற வந்தவனின் பயமே அழிவைப் பெற்றெடுக்கிறது என்பது எந்த நாவலாசிரியனும் பொறாமைப்படத்தக்க கரு. சிந்திக்கிற இயந்திரங்களைச் செய்யக் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு ஓடுகிற இந்தக் காலத்தில், 'யாரைக் கேட்டுச் செய்தாய்?' என்ற கேள்வி குழந்தை விளையாட்டும் அல்ல.

படத்தின் நல்ல இடங்களை நான் மறைக்கப் போவதில்லை. அல்ட்ரானுக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஸ்பேடர், அப்பனின் கேலியும் கர்வமும் பிள்ளையின் நாக்கிலே ஒட்டிக்கொண்டிருப்பதை வெகு நயமாகக் காட்டியிருக்கிறார். விருந்துக் காட்சியில் தோரின் சம்மட்டியைத் தூக்கிப் பார்க்கிறார்கள். தகுதி உள்ளவன்தான் அதைத் தூக்க முடியும். எல்லாரும் தோற்றுச் சிரித்துவிட்டு அதை மறந்துபோகிறோம். பிற்பாடு, புதிதாய்ப் பிறந்த விஷன் என்ற செயற்கை மனிதனை நம்பலாமா கூடாதா என்று எல்லாரும் திகைத்து நிற்கையில், அவன் அந்தச் சம்மட்டியைச் சாவதானமாக எடுத்துத் தோரிடம் நீட்டுகிறான். பத்துப் பக்க வசனம் செய்ய முடியாத காரியத்தை ஒரு கை அசைவு செய்துவிடுகிறது. ஹாக்ஐ என்ற வில்லாளியின் பண்ணை வீட்டில், மனைவி மக்களுக்கு நடுவே இந்த மகாவீரர்கள் கூச்சத்தோடு நிற்பதும் மனத்தில் நிற்கிற காட்சி. கடைசிப் போரில், ஸொகோவியா என்ற கற்பனை நாட்டில் ஒரு நகரமே ஆகாயத்தில் எழும்பும்போது, கடைசி மனிதனும் இறங்கும் வரை நான் நகரமாட்டேன் என்று காப்டன் அமெரிக்கா நிற்கிறானே, அதுவும் அப்படித்தான்.

இவ்வளவும் தெரிந்தவர் எங்கே சறுக்கினார்? அல்லது, எங்கே தள்ளிவிடப்பட்டார்?

ஸ்டார்க் அதே தவற்றை இரண்டாம் முறையும் செய்கிறான். மறுபடியும் பானரைச் சேர்த்துக்கொண்டு, மறுபடியும் மற்றவர்களைக் கேட்காமல், மறுபடியும் ஓர் இயந்திர உயிரைப் படைக்கிறான். முதல் தடவை பஸ்மாசுரன் வந்தான். இரண்டாம் தடவை விஷன் என்ற தேவதூதன் வருகிறான். ஏன்? செய்தவன் திருந்தினானா? படத்தில் பதில் இல்லை. தோர் நடுவில் ஓடிவந்து மின்னலை இறக்கி அந்த உயிரை எழுப்பிவிடுகிறான். அவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு குகைக்குள் இருக்கும் குளத்தில் இறங்கிக் காட்சி கண்டானாம்! கதையின் அச்சாணியே அந்தக் குளத்தில்தான் இருக்கிறது. அதுவோ கண்மூடித் திறப்பதற்குள் வந்து போகிறது. அதில் நமக்குக் காட்டப்படுவதும் இந்தக் கதைக்கு வேண்டிய விளக்கம் அல்ல. வரப்போகும் படங்களுக்கு வேண்டிய மாயக் கற்கள்! பண்ணை வீட்டைக் காப்பாற்றவே ஸ்டுடியோவோடு போராட வேண்டியிருந்தது என்றும், அதற்கு விலையாகக் குகைக் காட்சியை ஏற்க வேண்டியிருந்தது என்றும் வீடனே படம் வெளியானபின் பகிரங்கமாகச் சொன்னார். மனிதர்கள் இருக்கிற காட்சிக்கு மன்றாட வேண்டும். விளம்பரம் இருக்கிற காட்சிக்கு வழி தானே திறக்கும். இதுதான் அங்கே தர்மம்!

ஜோஹானஸ்பர்க்கையும் பார்ப்போம். ஹல்க் வெறிபிடித்து அந்த ஆப்பிரிக்க நகரத்தை நொறுக்குகிறான். அவனை அடக்க வந்த ஸ்டார்க், ஒரு கட்டடத்தையே விலைபேசி வாங்கி அவன் தலைமேல் இடித்துத் தள்ளுகிறான். நாம் கைதட்டுகிறோம். அங்கே வாழ்ந்தவர்களில் ஒருவருக்கு ஒரு பெயர் உண்டா, ஒரு வார்த்தை உண்டா? ஸொகோவியாவில் தலைக்குத் தலை எண்ணி இறக்கிய அதே படம், ஜோஹானஸ்பர்க்கில் யாரையும் எண்ணவில்லை. முன்னது மட்டும் கருணை என்றால் பின்னதற்கு என்ன பெயர்?

முடிவு இன்னும் மோசம். ஒரு நகரம் போயிற்று. வாண்டாவின் அண்ணன் பியெத்ரோ ஒரு சிறுவனைக் காக்கப் போய் உயிரை விட்டான். இத்தனைக்கும் மூலகாரணமான ஸ்டார்க், தோழர்களோடு வேடிக்கையாகப் பேசிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுகிறான். பிறகு, பெயர்ப் பட்டியல் ஓடும்போது, தானோஸ் என்ற அசுரன் கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த படங்களுக்கு அழைப்பு வைக்கிறான்.

'அந்தக் கணக்கை 2016-ல் வந்த 'காப்டன் அமெரிக்கா: சிவில் வார்' தீர்த்ததே!' என்பார்கள் பக்தர்கள். உண்மைதான். ஸொகோவியாவில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் அதில் ஸ்டார்க்கின் முகத்துக்கு நேரே கேட்கிறாள். நல்ல காட்சி. அந்தத் தாய் 2015-லேயே வந்திருக்க வேண்டியவள் என்பதுதான் என் வழக்கு.

தொடர்கதை எழுதுகிறவன் நான். 'தொடரும்' என்று போடுவதில் உள்ள ஆசை எனக்கும் தெரியும். சார்லஸ் டிக்கன்ஸ் பகுதி பகுதியாகத்தான் நாவல்களை வெளியிட்டார். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலை மிச்சம் வைப்பது கலை. நடந்துவிட்டதற்குப் பதில் சொல்லாமல் ஓடுவது கலை அல்ல, கடன். ஒரு பாவத்தைக் காட்டியவன், அதன் பாரத்தை அதே கதையில் யாராவது ஒருவர் தோளிலாவது இறக்கி வைக்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்று 141 நிமிஷப் படம் எடுத்தவர்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். குளத்துக்கு நேரம் இருந்தது; கையுறைக்கு நேரம் இருந்தது.

நம் ஊர்க் கடைகளில் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று பலகை தொங்கும். அந்தக் கடைக்காரர் யோக்கியர். காசை வாங்கிக்கொண்டு சரக்கைக் கொடுத்து விடுகிறார். இவர்கள் பலகையில் 'இன்று ரொக்கம், நாளை சரக்கு' என்றல்லவா எழுதியிருக்கிறது!